பூட்டிய வீட்டின் பூச்சாடி

நாட்கணக்கில் திறக்காத வீட்டுக்கென்று ஒரு வாசனை உண்டு. அந்துருண்டையும் பழைய காகிதமும் தூசி படிந்த கடப்பைக் கல்லும் சேர்ந்த அந்த வாசனை, கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும். எனக்குப் பதின்மூன்று வயதான கோடையில், நோய்க்குப் பயந்து மைசூர் மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாட்களில், தினமும் காலையில் அந்த வாசனைக்குள் நுழைந்து சாயங்காலம் வெளியே வருவதுதான் என் வேலையாக இருந்தது.

வீடு எங்களுடையது அல்ல. வீட்டுக்காரர் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மேல்கோட்டைப் பக்கத்துப் பழைய ஐயங்கார் குடும்பம், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தமிழ் எங்களுக்குப் பாதிதான் புரியும். அவரும் மனைவியும் வெளிநாட்டிலிருந்த மகனைப் பார்க்கப் போனவர்கள், விமானங்கள் நின்றுபோனதால் திரும்ப முடியாமல் அங்கேயே இருந்தார்கள். அந்த வீட்டுக்குப் பின்னால் "அவுட்ஹவுஸ்" என்று எல்லோரும் சொன்ன ஒற்றை அறையில் நாங்கள் மூவரும் குடியிருந்தோம். அம்மா பெரிய வீட்டைக் கூட்டித் துடைப்பாள், அப்பா செடிகளுக்குத் தண்ணீர் விடுவார். அதற்குப் பதிலாக எங்களுக்கு வாடகை கிடையாது. மற்றபடி அப்பா சரக்கு வண்டி ஓட்டினார், அம்மா ஒரு மருத்துவமனையில் ஆயாவாக வேலை பார்த்தாள்.

ஊரடங்கு வந்தபோது அப்பா மேட்டூருக்கு லோடு இறக்கப் போயிருந்தார். திரும்பி வரும்போது கர்நாடக எல்லையில், பாலாற்றுச் சோதனைச் சாவடியில் மறித்து, இந்தப் பக்கம் விட முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். கொளத்தூரில் பெரியப்பா வீட்டில் தங்கி, இரண்டு முறை மறுபடியும் சாவடிவரை வந்து கெஞ்சிப் பார்த்தாராம். நடக்கவில்லை. அந்த வாரத்திலேயே மருத்துவமனையிலிருந்து அம்மாவுக்குத் தகவல் வந்தது: காய்ச்சல் வார்டில் வேலை செய்கிறவர்கள் ஒரு மாதம் வீட்டுக்குப் போகக் கூடாது, அங்கேயே தங்க வேண்டும்.

அம்மா என் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டே அதைச் சொன்னாள். அவளுடைய முகம் எனக்குத் தெரியவில்லை.

"ஒரு மாசந்தான் கண்ணு. ராத்திரிக்கு ரத்னம்மா வந்து உங்கூடப் படுத்துக்குவாங்க. இருந்துக்குவியல்ல?"

நான் "ஹூம்" என்றேன். அது கன்னட "ஹூம்". ஆமாம் என்று அர்த்தம். அந்த வயதில் எனக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் வாய்க்குச் சுலபமாக வரும். மருத்துவமனை வேன் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போயிற்று.

ரத்னம்மா ஆன்ட்டி பக்கத்து வீட்டுக்காரர். மூன்று நாள் தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து படுத்துவிட்டுப் போனார். நான்காம் நாள் சாயங்காலம் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் செம்பருத்திச் செடியைப் பார்த்துப் பேசினார். அவருடைய கணவருக்கு இதய நோய். ஆஸ்பத்திரிக்காரர் வீட்டுக்குப் போய்வந்தால் தனக்கு ஒட்டிக்கொள்ளும் என்று கணவர் சண்டை போட்டிருக்கிறார். "தப்பு திள்க்கோபேட புட்டி" என்றார் ரத்னம்மா. தப்பாக எடுத்துக்கொள்ளாதே பாப்பா என்று. சாப்பாட்டைச் சுவர்மேல் வைத்துவிடுவதாகவும், தான் உள்ளே போன பிறகு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். அன்று முதல் இரண்டு வேளையும் சுவர்மேல் தூக்குப் பாத்திரம் வந்தது. ஒரு நாளும் தவறவில்லை. நான் கழுவி வைத்த பாத்திரத்தை எடுப்பதற்கு முன்னால் அவர் அதன்மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவார். அதை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகு, பாத்திரத்தை வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடப் பழகிக்கொண்டேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன்.

பெரிய வீட்டின் சாவி எங்களிடம் இருந்தது. வீட்டுக்குள்ளும் ஏழெட்டுத் தொட்டிச் செடிகள் உண்டு என்பதால் நான் உள்ளே போக வேண்டியிருந்தது. முதல் நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிட்டேன். இரண்டாம் நாள் வெள்ளைத் துணி போர்த்திய சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் அந்த ஓவியம் இருந்தது.

அம்மாவோடு எத்தனையோ முறை அந்தக் கூடத்துக்குள் போயிருந்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கறுத்த பின்னணியில் ஒரு கண்ணாடிச் சாடி, அதில் அடைத்துச் செருகிய பூக்கள்: ரோஜா, டேலியா, வெள்ளைச் சேவந்தி, பெயர் தெரியாத நீலப் பூ ஒன்று, தண்டு துவண்டு மேசைவரை தலையைத் தொங்கவிட்ட சிவப்புப் பூ ஒன்று. முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. பூ என்றால் தலைக்கு, சாமிக்கு, இல்லாவிட்டால் செத்தவர்களுக்கு. ஒருவருக்கும் இல்லாமல் தண்ணீரில் நிறுத்தி வைத்த பூவை நான் அறியேன். அதே வாரம் அப்பா தொலைபேசியில், எங்கள் சொந்த ஊரான ராமாபுரத்தில் சித்தப்பா காட்டில் செண்டுப்பூவைப் பறிக்க ஆளும் இல்லை, வாங்க சந்தையும் இல்லை, மாட்டை விட்டு மேய்க்கிறார்கள் என்று சொன்னார். அதைக் கேட்ட பிறகு, வாங்க ஆளில்லாமல் நிற்கும் இந்தப் பூக்களின்மேல் எனக்கு ஒரு மாதிரி இரக்கம் வந்தது. தினமும் பார்க்கத் தொடங்கினேன்.

பார்க்கப் பார்க்க அதில் ஆட்கள் கூடுவதுபோல் ஏதாவது கூடிக்கொண்டே வந்தது. டேலியாவின் அடியிதழ்கள் பழுப்பேறியிருந்ததை ஒரு நாள் கண்டேன். இன்னொரு நாள், சுருண்டிருந்த ஓர் இலையின் மறுபுறம் எறும்பு ஒன்று. சாடித் தண்ணீருக்குள் தண்டுகள் முறிந்தவைபோல் விலகித் தெரிந்தன. எங்கள் வீட்டு டம்ளரில் ஸ்பூனைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் அப்படித்தான் முறிந்து தெரிந்தது. வரைந்தவர் பொய் சொல்லவில்லை என்று அன்று தோன்றியது. மேசைமேல் உதிர்ந்து கிடந்த ஒற்றை இதழுக்கு அவர் போட்டிருந்த நிழல், முழுப்பூக்களைவிட அதிகக் கவனத்தோடு போட்டது. விழுந்ததற்கு ஒருவர் அத்தனை நேரம் செலவழித்திருக்கிறார்.

அந்தக் கூடத்து அலமாரியிலிருந்துதான் நாவலையும் எடுத்தேன். அட்டையும் முதல் சில பக்கங்களும் போய்விட்டிருந்ததால் அதன் பெயரோ எழுதியவர் பெயரோ எனக்கு இன்றுவரை தெரியாது. தமிழ் எழுத்துகளை அப்பா தமிழ்நாட்டுப் பேருந்துகளின் பலகைகளைக் காட்டிக் கற்றுத் தந்திருந்தார். ஆனால் நான் முழுதாகப் படித்த தமிழ்ப் புத்தகம் அதுவரை ஒன்றும் இல்லை. எழுத்துக் கூட்டி, சத்தமாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு பக்கம் படித்தேன். பூட்டிய வீட்டில் என் குரலைக் கேட்கவும் எனக்குப் பிடித்திருந்தது.

விண்வெளியில் சரக்கு ஏற்றிப்போகும் கலம் ஒன்று பழுதாகி வழி தப்பிவிடுகிறது. உடன் வந்தவர்கள் இறந்துபோக, இயந்திரம் பழுது பார்க்கும் பெண் ஒருத்தி மட்டும் மிஞ்சுகிறாள். அவள் அனுப்பும் செய்தி பூமிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், பதில் வர இன்னொரு ஒன்றரை மணி நேரம். அவள் பெரிய வீராங்கனை இல்லை. கோபக்காரி, எதையும் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே சரி செய்கிறவள். கை நழுவி மிதந்து போய்விட்ட ஒரு திருகாணியை அவள் பதினொரு பக்கத்துக்குத் தேடுகிறாள். அந்தப் பதினொரு பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன். தனிமை என்ற சொல்லை அந்த எழுத்தாளர் எங்குமே எழுதவில்லை. அவள் திருகாணி தேடுவதை மட்டுந்தான் எழுதினார். "பிராணவாயு" என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்ததால் அப்பாவிடம் அர்த்தம் கேட்டேன்.

"மூச்சுக் காத்து பாப்பா" என்றார். "எதுக்குக் கேக்கற?"

கதைப் புத்தகம் என்று சொன்னேன்.

அந்தப் பெண்ணுக்குப் பூமியில் வயதான அப்பா ஒருவர் இருந்தார். தன் இடது கை முறிந்திருந்த நாளிலும், உணவுப் பொட்டலத்தைப் பாதியாக்கிச் சாப்பிட்ட நாளிலும், நன்றாக இருக்கிறேன், ஜன்னலில் பூமி நீலமாகத் தெரிகிறது என்றுதான் அவள் அவருக்குச் செய்தி அனுப்பினாள். எனக்கு அது பொய்யாகவே படவில்லை. நானும் அப்படித்தானே செய்துகொண்டிருந்தேன்.

அம்மா தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா, ரத்னம்மா வந்தாரா என்று கேட்பாள். சாப்பிட்டேன், வந்தார், இப்போதுதான் போனார், ராத்திரி படுக்க வருவார் என்பேன். அடுத்து என்ன சொல்வது என்று தெரியாத இடத்தில், ஓவியத்தைப் பார்த்துக்கொண்டே, இன்றைக்கு ரோஜா நன்றாக இருக்கிறது, சேவந்தி லேசாகப் பழுத்துவிட்டது என்று சொல்வேன். தோட்டத்துப் பூவைச் சொல்வதாக அவள் நினைத்துக்கொள்வாள் என்று எனக்கு நம்பிக்கை. அம்மா எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டு கேட்பாள்.

மூன்றாம் வாரத்தில் அம்மாவின் குரல் கம்மிப்போயிற்று. பிளீச்சிங் பவுடர் நெடி என்றாள். பேச்சு இரண்டு நிமிடத்துக்குச் சுருங்கிற்று. பிறகு ஒரு நாள் அழைப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து நின்றது. அப்பாவிடம் அம்மா பேசினாளா என்று கேட்டதற்கு, டியூட்டி அதிகமாம் கண்ணு என்று மட்டும் சொன்னார்; அதைச் சொல்ல அவர் எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் நாவலைத் திறந்தேன், ஒரு வரியும் ஓடவில்லை. ஓவியத்தின் முன்னால் போய் நின்றேன். அதுவரை எட்ட இருந்தே பார்த்தவள், அன்று மூக்கு உரசும் அளவுக்குப் பக்கத்தில் போனேன். சாடியின் வளைந்த கண்ணாடியில் ஒரு ஜன்னல் தெரிந்தது, ஓவியத்துக்கு வெளியே, வரைந்தவரின் அறையில் இருந்திருக்க வேண்டிய ஜன்னல். அதன் வெளிச்சத்துக்கு நடுவில், கடுகளவு பழுப்புத் தீற்றலாக, ஒரு ஆள். பூக்களுக்கு எதிரில் யாரோ தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார். இத்தனை நாளும் அவர் அங்கேயே இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அந்த மாதத்தில் முதல் தடவையாக.

அழுதுகொண்டே ஓடிப்போய் ரத்னம்மா வீட்டுக் கேட்டைத் தட்டினேன். அவர் வந்தார். நான் கன்னடத்தில், அம்மா மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை என்றேன். உள்ளேயிருந்து அவர் கணவர் யார் என்று அதட்டினார். ரத்னம்மா கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தார், என்னோடு நடந்து வந்து எங்கள் அறைப் படியின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். தொடவில்லை. என் கைபேசியை வாங்கி, மருத்துவமனை எண்ணுக்கு ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிட்டு, கடைசியில் வார்டு நர்ஸ் ஒருவரைப் பிடித்தார். அம்மாவே அந்த வார்டில் நோயாளியாகப் படுத்திருக்கிறாள், ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள், இப்போது குறைத்திருக்கிறார்கள், சாயங்காலம் பேசுவாள்.

ஆக்ஸிஜன் என்றால் என்ன என்று ரத்னம்மா எனக்கு விளக்கப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்றேன்.

ஐந்து மணிவரை அவர் எழுந்து போகவில்லை. அவர் கணவர் சுவருக்கு அப்பாலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார். கைபேசி மணி அடித்தது. அம்மாவின் குரல் வாளியின் அடியிலிருந்து வருவதுபோல் வந்தது.

"ரெண்டு நாளாக் கொஞ்சம் காச்சல் கண்ணு. இப்பத் தேவல. ரத்னம்மா வந்தாங்களா?"

"இங்கதான் இருக்காங்கம்மா" என்றேன். அன்றைக்கு அது உண்மை.

அதற்குப் பிறகு பதினாறு நாளில் அம்மா வீட்டுக்கு வந்தாள், நைட்டி தோளில் நிற்காத அளவுக்கு இளைத்து. அடுத்த வாரம் அனுமதிச் சீட்டோடு அப்பா பாலாற்றைத் தாண்டினார். நாவலை அதற்கு முன்பே முடித்திருந்தேன். மீட்க வந்த கலம் அவளுடைய கலத்தின் கதவைத் தட்டும் சத்தத்தோடு கதை நின்றுவிட்டது. அவள் தரையில் கால் வைப்பதை எழுதாமல் விட்டதற்காக அந்த எழுத்தாளர்மேல் பல நாள் கோபமாக இருந்தேன். ரத்னம்மா அம்மாவிடம் வந்து எல்லாவற்றையும் தானே சொல்லி அழுதார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் அங்கேயே காலமானார். மகன் வந்து வீட்டை விற்றுவிட்டார். இப்போது அந்த இடத்தில் நான்கு மாடி நிற்கிறது. புத்தகங்கள் பழைய பேப்பர்க்காரரிடம் போயின என்று கேள்வி. ஓவியம் யாரிடம் என்று தெரியவில்லை. ரத்னம்மாவும் கணவர் போன பின் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அம்மாவும் அப்பாவும் ராமாபுரத்துக்கே திரும்பி விவசாயம் பார்க்கிறார்கள். நான் மட்டும் மைசூரில், ஒரு எக்ஸ்ரே மையத்தில் வேலை, பெண்கள் விடுதியில் அறை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, ரத்னம்மா வராததை அந்த மாதத்தில் நான் எவ்வளவு சாமர்த்தியமாக மறைத்தேன் என்று சொல்லிச் சிரித்தேன். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும். ஒரு நாளாச்சும் போனை அவங்க கையில குடுத்தியா நீ?"

"அப்பறம் ஏம்மா கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. நீ அழுதா நான் எந்திரிச்சு வந்துருப்பேன்."

இப்போதும் அம்மா தினமும் கூப்பிடுகிறாள். நன்றாக இருக்கிறேன் என்று நான் சொன்னால் முன்போல் "ம்" கொட்டுவதில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள், போனைக் கொடு என்கிறாள். பெரும்பாலான நாட்களில் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு, என்ன சாப்பிட்டாய் என்று அம்மா கேட்கிறாள்.