அமிர்தசரஸுக்கு ஒரு படிவம்

மிச்ச ரொட்டியோடு தட்டைக் குப்பைப் பக்கம் கொண்டுபோனேன். ஈரக் கையொன்று குறுக்கே வந்தது. “இதை ஆர் தின்னுறது தம்பி, கொப்பரோ?” ஹம்பேர்க் குருத்துவாராவின் இலவசப் பந்தியில், அத்தனை சீக்கியர்களுக்கு நடுவே, என் அப்பாவையும் சேர்த்து யாழ்ப்பாணத் தமிழில் திட்டு வாங்கித்தான் யோகலிங்கம் எனக்கு அறிமுகமானார். நின்றபடியே தின்று முடித்தேன்.

வாரநாளில் துறைமுகக் கிடங்கில் பெட்டி இறக்குகிறார். ஞாயிறு முழுக்க இங்கே தட்டுக் கழுவுகிறார். நுரைக்காத சோப்பின் மேல் கோபம், பிந்தும் ரயிலின் மேல் கோபம். சீக்கியர்களுக்கும் தீபாவளி விளக்குப் பண்டிகைதானே என்று கேட்ட என் மேல் பெருங்கோபம்.

“விளக்கோ? ஆறாவது குருவை ஜஹாங்கீர் குவாலியர் கோட்டையில பூட்டி வைச்சவன். பிறகு, நீ போ எண்டான். உள்ளுக்க இருக்கிற ஐம்பத்திரண்டு ராசாக்களையும் விடு, இல்லாட்டி நான் வரேல்லை எண்டார் குரு. அங்கியைப் பிடிக்கிறவன் மட்டும் வரலாமாம். ஐம்பத்திரண்டு குஞ்சம் வைச்சு அங்கி தைச்சவை. எல்லாரும் வெளியில. அதுதான் தீபாவளி.”

தொண்ணூற்றிரண்டில் அகதி விடுதியில் இவரும் பஞ்சாபிலிருந்து வந்த கர்த்தார் சிங்கும் ஒரே அறை. இவருக்குத் தங்க அனுமதி கிடைத்தது. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். “நான் தனிய வெளியில வந்தவன்” என்று தட்டை அடித்துத் தேய்ப்பார். கர்த்தார் சிங் தீபாவளிதோறும் அமிர்தசரஸ் பொற்கோயிலில் பாத்திரம் கழுவுகிறார். ஒரு தீபாவளிக்காவது அவர் பக்கத்தில் நின்று கழுவ வேண்டும். இவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி நான். போன வருஷம் இவருடைய இந்திய விசாப் படிவத்தை நானே நிரப்பினேன். பயண நோக்கம்? “தட்டுக் கழுவ.” அப்படியே எழுதினேன். வேலை செய்வதென்றால் வேறு விசா என்றார் இந்தியத் தூதரக அலுவலர். சம்பளமில்லை, வழிபாடு என்றோம். பிறந்த ஊர் யாழ்ப்பாணம் என்பதைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். இவரிடம் இருந்ததோ ஜெர்மன் பாஸ்போர்ட். இந்தியனான எனக்கு அந்தக் கோயில் வாசலுக்குப் போக ஒரு தாளும் வேண்டாம், நான் போனதேயில்லை.

2006 செப்டம்பரில் புதுப் படிவம். முந்திக்கொண்டு ‘சுற்றுலா’ என்று எழுதினேன்.

“சுத்திப் பாக்கன்னு போட்டா முடிஞ்சிதுண்ணே. யாரு கேக்கப் போறா?”

“குருவிட்டப் போறதுக்குப் பொய்யோ? படிச்சனீர்தானே நீர். பேனையைத் தாரும்.”

சுற்றுலாவை வெட்டினார். மேலே, தாள் கிழிகிற அழுத்தத்தில், ‘தட்டுக் கழுவ’ என்று ஜெர்மன் மொழியில் எழுதிக் கையெழுத்திட்டார்.

தீபாவளி கழிந்து மூன்று வாரமாகிறது. விசா வரவில்லை. யோகலிங்கம் ஹம்பேர்க்கில்தான் இருக்கிறார்.