பலூன்காரரும் சகலையும் ஒரு சின்னப் பம்பும்

வானிலை நிலையத்தில் அவருக்கு ஒரே வேலைதான். விடிந்ததும் கொட்டகைக்குள் போய், வெள்ளை ரப்பர் பலூனில் வாயு நிரப்பி, அதன் கீழே ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கயிற்றில் கட்டி, முற்றத்துக்குக் கொண்டுவந்து கையை விட்டுவிட வேண்டும். பெட்டிக்குள் சின்னதாக ஒரு கருவி இருக்கும். பலூன் மேலே போகப் போகப் பெருத்து, கண்ணுக்கு எட்டாத உயரத்தில் வெடிக்கும். அதுவரை காற்றின் சூட்டையும் ஈரத்தையும் சொல்லிக்கொண்டே போன கருவி, பெட்டியோடு மலைகளுக்கு அப்பால் எங்கோ விழும். அதைத் தேடிக்கொண்டு யாரும் போவதில்லை. மறுநாள் புதுப் பலூன், புதுப் பெட்டி.

தெருவில் எல்லோருக்கும் அவர் பலூன்காரர். பிள்ளைகளுக்குப் பலூன் ஊதித் தருவார் என்று நம்பி வீட்டு வாசலில் வந்து நின்றவர்களும் உண்டு. அவர் மறுக்காமல் ஊதித் தந்தார்.

பலூன் மறைந்த பிறகும் அவர் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். மேசையில் வைத்த தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும். அவ்வளவு தூரம் போய் விழுகிறதே, விழுந்த இடத்தில் புல் இருக்குமா, பாறை இருக்குமா, அங்கே காற்று எப்படி மணக்கும் என்று யோசித்துக்கொண்டே இருப்பார். அந்த யோசனைதான் அவரைச் சைக்கிளில் ஏற்றிவிட்டது. விடுமுறை கிடைத்தால் சைக்கிளில் பைகளைக் கட்டிக்கொண்டு மலைப்பாதைகளில் நாள்கணக்கில் சுற்றிவிட்டு வருவார்.

"வேலைக்குப் போனா வானத்தப் பாக்குறீங்க, லீவு விட்டா மலையப் பாக்குறீங்க. வீட்டுல ஒருத்தி இருக்கேன், ஒருநாள் இந்தப் பக்கமும் திரும்புங்க" என்பாள் மனைவி. சொல்லிக்கொண்டே பையின் அறுந்த வாரைத் தைத்தும் கொடுப்பாள்.

கூடப் போகிறவர் அவருடைய சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவர். ரொட்டிக்கடை வைத்திருந்தார். மாவையும் உப்பையும் நிறுத்து நிறுத்து, எதைக் கையில் எடுத்தாலும் எடை பார்க்கும் பழக்கம் அவருக்கு ஊறிப்போயிருந்தது. பயணத்துக்கென்று பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்தவர்.

போன பயணத்தில் பலூன்காரருக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. அவர் சைக்கிளின் முன்பக்கத்தில் குலுங்கலைத் தாங்கும் ஷாக், காற்றடைத்த வகை. காற்று கொஞ்சம் குறைந்ததுபோல் தெரியவே, டயருக்கு அடிக்கும் பம்பை அதில் மாட்டினார். உள்ளே இருந்த கொஞ்ச நஞ்சமும் புஸ்ஸென்று வெளியே வந்துவிட்டது. திரும்ப ஏற்ற எவ்வளவு அடித்தும் முடியவில்லை. வண்டி, மண்டி போட்ட ஒட்டகம் மாதிரி மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டது. இறக்கம் முழுவதும் தள்ளிக்கொண்டே வந்தார்.

அதனால் இந்த முறை கிளம்புவதற்கு முன் சைக்கிள் கடைக்குப் போய் ஷாக்குக்கென்றே இருக்கும் பம்பைக் கேட்டார். கடைக்கார அம்மா விதவிதமாக எடுத்து வைத்தார். ஒன்று நீளம், அடிக்கச் சுகம், பைக்குள் மடங்காது. ஒன்றில் எண்கள் மின்னின. ஆனால் பேட்டரி குளிரில் கைவிட்டுவிடும் என்று அந்த அம்மாவே சொன்னார். கடைசியில் பலூன்காரர் உள்ளங்கை நீளத்தில் ஒன்றை எடுத்தார். வட்ட முகத்தில் ஒரு முள், மடங்கும் குழாய், கூடிப்போன காற்றைச் சிட்டிகை சிட்டிகையாக வெளியேற்ற ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தி அழுத்திக் கேட்டுக்கொண்டு கடையிலேயே வெகுநேரம் நின்றார்.

"வாங்கிட்டுப் போய் வீட்டுல கேளுங்க" என்றார் கடைக்கார அம்மா.

பயணத்துக்கு முந்தின நாள் மதியம், ரொட்டிக்கடையின் மாவு மேசையில் இருவரும் கருவிகளைப் பரப்பினார்கள். சகலை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். ட்யூப், பஞ்சர் ஒட்டு, திருகாணிகளை முடுக்கும் சாவிக் கொத்து, டயர் பம்ப் எல்லாம் தேறின. ஷாக் பம்பை எடுத்ததும் கை நின்றது.

"இது எதுக்கு சகலை? காத்தடிக்கத்தான் ஒண்ணு இருக்கே."

"அது டயருக்கு. இது ஷாக்குக்கு. போன தடவ பட்டது மறந்துபோச்சா?"

"பட்டது நீங்க. சிரிச்சதுதான் நான்."

"பைய ஏத்தினா வண்டி கனம் மாறும். அதுக்குத் தக்க காத்தும் மாறணும் சகலை. இத விட்டுட்டு நான் வரல."

சகலை தாடையைச் சொறிந்தார். "சரி, இது வரட்டும். அப்ப செயின் கழட்டுற கருவி வேண்டாம். என் செயின் புதுசு. அறுந்துச்சுன்னா என் பேர மாத்திக்கறேன்."

உள்ளேயிருந்து மனைவியின் தங்கை எட்டிப் பார்த்தாள். "மாமா, பஞ்சாயத்து முடிஞ்சா மேசையத் தொடச்சிட்டுப் போங்க. அதுல நான் மாவு பெசையணும்."

மறுநாள் பைகளோடு ஏறி உட்கார்ந்து பார்த்து, ஷாக் அளவாக அமிழும்வரை அடித்துக்கொண்டு கிளம்பினார்கள். மலைப்பாதை, மழை நனைத்த சாம்பல் நிறத்தில் வளைந்து வளைந்து போனது. ஏற ஏறப் பேச்சு குறைந்தது. மேகம் பாதையின் குறுக்கே இறங்கிவந்து அவர்களைத் தொட்டுவிட்டு மறுபக்கம் போனது. முன்னால் போகும் சகலை சில நேரம் முழு ஆளாகத் தெரிந்தார், சில நேரம் வெறும் சக்கரச் சத்தமாக மட்டும் இருந்தார். தூங்கிக்கொண்டே மிதிக்கிறோமோ என்று பலூன்காரருக்குச் சந்தேகம் வந்தது. விழித்துவிடக் கூடாதே என்று மெல்ல மிதித்தார்.

மேட்டுநிலத்தில் கூடாரம் போட்டார்கள். காலையில் பார்த்தால் சகலையின் வண்டி மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. அதுவும் காற்று ஷாக்தான்; குளிரில் வால்வு வழியாகக் காற்று கசிந்திருந்தது. பலூன்காரர் ஷாக் பம்பின் குழாயைத் திருகி மாட்டி அடித்தார். முள் தயங்கித் தயங்கி ஏறியது. வண்டி, சோம்பல் முறிப்பதுபோல் நிமிர்ந்தது. குழாயைக் கழற்றும்போது புஸ்ஸென்றது.

"ஐயையோ, போச்சா?"

"அது குழாய்க்குள்ள இருந்த காத்து. உங்களுது உள்ளதான் இருக்கு."

அந்தப் பெருமை வெயில் ஏறும்வரைகூட நிலைக்கவில்லை. ஒரு சின்ன ஏற்றத்தில் சகலை எழுந்து நின்று மிதிக்க, படக்கென்று செயின் அறுந்து பாதையில் விழுந்தது.

"இனிமே உங்கள என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறது?" என்றார் பலூன்காரர்.

"எத வேணா வச்சுக்கோங்க. ஆனா அந்தக் கருவியத் தூக்கி வெளிய வச்சப்ப நீங்களும் சும்மாதான இருந்தீங்க."

அதுவும் உண்மைதான். பம்ப் கிடைத்த சந்தோஷத்தில் அவர் மூச்சுவிடவில்லை. இருவரும் இறங்கித் தள்ளினார்கள். நடந்ததால், சைக்கிளில் போயிருந்தால் கவனித்திருக்க முடியாத ஒரு கிளைப்பாதையும் அதன் முடிவில் புகையும் தெரிந்தன. ஒரு சிறு நீர்த்தேக்கம். அதன் மதகைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் தகரக் கூரை வீட்டு வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"செயின் அறுந்துபோச்சும்மா. சுத்தியல் ஏதாவது கிடைக்குமா?" என்றார் சகலை.

"சுத்தியலும் இருக்கு, டீயும் இருக்கு. மொதல்ல உக்காருங்க."

பலூன்காரர் உட்காரவில்லை. கூரை விட்டத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி தொங்கியது. அதில் மண் நிரப்பிப் புதினா வளர்த்திருந்தார்கள். அவர் அருகே போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே திருப்பிச் செருகிய முடிச்சு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெட்டி நழுவி மேலதிகாரியின் காலடியில் விழுந்த பிறகு, அவராகவே யோசித்துப் போட்டுக்கொண்ட முடிச்சு அது. நிலையத்தில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

"மேலேர்ந்து விழுந்துச்சு" என்றார் அம்மாள். "மொதல்ல பயந்துட்டேன். அப்புறம் பாத்தா நல்ல பெட்டி."

"இது நான் கட்டுனது" என்றார் பலூன்காரர்.

"நீங்கதானா அது? அந்த முடிச்ச அவுக்க ஒரு நாள் பூரா பாடுபட்டேன். கடைசில அப்படியே தொங்க விட்டுட்டேன்." அம்மாள் சிரித்தார். "உங்க பொருள்னா எடுத்துட்டுப் போங்க."

"வேண்டாம்மா. புதினா எங்க போகும்?"

அவர் அந்தப் பெட்டியின் கீழேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். புல்தான், பாறை கொஞ்சம், ஈரமண் வாசம், மதகில் தண்ணீர் வழியும் சத்தம். இத்தனை வருஷம் நினைத்ததைவிடச் சாதாரணமான இடம். அங்கிருந்து எழவே மனம் வரவில்லை.

சகலை ஓர் ஆணியை மழுக்கி, செயினுக்கடியில் ஒரு நட்டை வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி உடைந்த கண்ணியை எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்தார். விரலில் அடிபடும்போதெல்லாம் செயினைத் திட்டினார். ஒரு கண்ணி குறைந்த செயின் எப்படியோ ஓடியது.

திரும்பும் வழி முழுக்க இறக்கம். மிதிக்கத் தேவையில்லை. கற்கள்மேல் வண்டிகள் மெத்தென்று அமிழ்ந்து எழுந்தன. மேகம் பிளந்து பிளந்து வழிவிட்டது. மலை முடியும் இடத்தில் சாலையோரப் புல்லைக் கண்டதும் சகலை நிறுத்தினார். ஐந்து நிமிஷம் என்று சாய்ந்தவர்கள் அப்படியே தூங்கிப்போனார்கள்.

ஹாரன் சத்தம் கேட்டுக் கண்விழித்தால், லாரி ஓட்டுநர் ஒருவர் ஜன்னல் வழியே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"உசுரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கோம், இருக்கோம்" என்றார் சகலை.

"தூங்குறதுக்கா சைக்கிள்ல இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, பலூன்காரர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.