நூல் சுற்றிய பேனா

வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்ட பேனாவிலிருந்து நீலம் இழை இழையாகக் கிளம்ப, எட்டாம் வகுப்பின் மைவாசம் மூக்கில் ஏறியது. பெரியகுளத்தில் முப்பது வருடம் ஃபைல் தள்ளி ஓய்வுபெற்றவளுக்கு வேறு வேலை இல்லை. பழைய டப்பாவில் கிடந்த பேனாவை எழுத வைக்கலாமென்று உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பழுப்பு உடம்பு, மூடியில் திராட்சைக் கொத்து, பக்கவாட்டில் கம்பத்து உரக்கடை ஒன்றின் பெயர். உத்தமபாளையம் பக்கம் எங்களுக்குத் திராட்சைப் பந்தல் இருந்ததால் அந்தக் கடை அப்பாவுக்கு இனாமாகக் கொடுத்த பேனா எனக்கு வந்தது. எந்நேரமும் மை "கக்கும்". கசிவை அடைக்கப் பேனாவின் கழுத்தில் சோப்பைத் தேய்த்துத் தேய்த்து நீல விரல்களோடு திரிந்தேன். ஒருநாள் அது தொலைந்துபோனது. மறுநாள் பக்கத்து பெஞ்சு மும்தாஜ் கையில் அதே பேனாவைப் பார்த்ததும் "என்னுது டீச்சர்!" என்று கத்திவிட்டேன்.

"எங்க அத்தா குடுத்தாக" என்றாள் அவள். அவளுடைய அப்பா பந்தல்களுக்கு மருந்து அடிக்கப் போகிறவர்.

"பந்தல் இல்லாத வீட்டுக்கு இந்தப் பேனா எப்பிடி வந்துச்சு?" என்று கேட்ட டீச்சர், அதைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். வீட்டில் அம்மா மட்டும், "எடுத்தவனுக்கு ஒரு பாவம், தொலைச்சவனுக்குப் பத்துப் பேரைச் சந்தேகப்பட்ட பத்துப் பாவம்டி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். அதன்பிறகு பேனா கக்கவே இல்லை. ஏனென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இப்போது கழுத்தைத் திருகிக் கழற்றினால், மரையோடு மரையாக, கசியாதபடி நெருக்கிச் சுற்றிய சிவப்பு நூல். நான் ஒருநாளும் நூல் சுற்றியதில்லை.

மனசு கேட்காமல் கம்பத்துக்குப் பஸ் ஏறினேன். உரக்கடை இன்னும் இருக்கிறது, கல்லாவில் பழைய முதலாளியின் மகன். "இது எங்க அப்பா குடுத்ததுல்ல! தோட்டக்காரகளுக்கு மட்டுமில்லக்கா, மருந்து அடிக்கிறவுகளுக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுத்தாக" என்றார். ஒரே அச்சில் எத்தனை பேனாக்களோ.

திரும்பும் வழியில் உத்தமபாளையத்தில் இறங்கி மும்தாஜ் வீட்டைத் தேடிப்போனேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பேனாவைக் கழற்றிப் பார்த்தாள். "அத்தா சுத்துன நூலு" என்றாள். கோபமில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பேனாவைத் திருகி மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மறுநா அத்தா கேக்கணும்னு பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்தாக, செல்வி. நீ யாரு மகள்னு தெரிஞ்சதும் திரும்பிப் போயிட்டாக. அந்த வாரம் உங்க பந்தல்லதான மருந்து அடிச்சாக."

எங்கள் பந்தல் இருந்த இடத்தில் இன்று வீட்டுமனைக் கற்கள் நிற்கின்றன. அப்பா இல்லை, டீச்சர் இல்லை, மும்தாஜின் அத்தாவும் இல்லை. பேனா சேரவேண்டிய கைக்குச் சேர்ந்துவிட்டது, நன்றாகவே எழுதுகிறது. பள்ளிக்கூட வாசலோடு திரும்பிப்போன மனிதரிடம் சொல்ல வேண்டியதை இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?