தூள் மூட்டையும் ஒரு பக்கெட் தண்ணீரும்

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் செய்கிறவள் வேம்புலியம்மாள். அயனம்பாக்கத்தில் வெள்ளம் வந்தால் போதும், லீவு சொல்லிவிட்டு நிவாரண முகாமுக்குக் கிளம்பிவிடுவாள். மற்றவர்கள் சோற்றுப் பொட்டலத்தோடு வருவார்கள். இவள் கக்கூஸ் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

"சோறு போட ஆயிரம் பேரு கீறாங்கோ. துன்னது எங்க போவுதுன்னு எவனாச்சும் கேக்கறானா?" என்பாள். எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியம் கிடையாது, எனக்கும்தான்.

இந்த மழைக்கு முகாம் ஒரு கல்யாண மண்டபம். வீடு மூழ்கி நானும் அங்கேதான் கிடந்தேன். மண்டபத்தின் செப்டிக் டேங்க்கும் மூழ்கிவிட்டது. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் ஏரிக்குப் போகும். எங்கள் போர்வெல் தண்ணீரோ அந்த ஏரியை நம்பித்தான் இருக்கிறது. அதனால் வேம்பு டிரம்களின் மேல் பலகை பொருத்தி உலர் கழிப்பறை அமைத்தாள். போய்விட்டு ஒரு கை மரத்தூள் போட வேண்டும். கழுவிக்கொள்ளத் தனி இடம். டிரம்முக்குள் தண்ணீர் விடக்கூடாது. ஈரம் சேராவிட்டால் நாறாது, பிறகு மக்கி உரமாகிவிடும்.

மறுநாளே நாற்றம் குடலைப் பிடுங்கியது. நிறைமாதக் கர்ப்பிணி ரேவதி சுவரோரம் தலைசுற்றிச் சரிந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. வேம்பு தண்ணீர் கொடுத்தும் ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை.

"வாணாங்க்கா. குடிச்சா அங்க போவணும்."

வேம்பு போய் டிரம்மைத் திறந்தாள். உள்ளே தண்ணீரும் பினாயிலும் தளும்பின.

"ஏரியே ஊட்டுக்குள்ள வந்துகீது, இன்னும் தண்ணி பத்தலியா? யாரு ஊத்தினது?"

"நான்தான்மே," என்றாள் ரேவதியின் மாமியார் கன்னியம்மாள். "புள்ளத்தாச்சி குந்துற எடம். சுத்தமா இருக்கட்டும்னு அவ போறப்பல்லாம் ஒரு பக்கெட்டு ஊத்துனேன்."

வேம்புவின் கோபம் பொசுக்கென்று அடங்கியது. தண்ணீர் ஊற்றினால்தான் சுத்தம் என்று வளர்ந்த ஜனம் நாம். திட்டினால் அந்த அம்மாள் ஒளித்து ஊற்றுவாள். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான் கறக்க வேண்டும்.

வேறு டிரம் வைத்து, தூள் மூட்டையைக் கன்னியம்மாளிடமே கொடுத்தாள்.

"யக்கா, உம் மருமவளுக்கு நீயே பாத்துக்கோ. ஈரம் தெரிஞ்சா தூளு போடு. தண்ணி மட்டும் வாணாம்."

அவ்வளவுதான். கன்னியம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் கையிலிருந்த தண்ணீர் மக்கைப் பிடுங்க ஆரம்பித்தாள். என்னுடையதும் போயிற்று. சாயங்காலத்துக்குள் நாற்றம் அடங்கிவிட்டது.

ரேவதி உள்ளே போய் வந்தாள். முகத்தில் சுளிப்பில்லை. நேரே வேம்புவிடம் வந்து டம்ளரை நீட்டினாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினாள்.

"நெறைய ஊத்துக்கா."