அப்பாவின் ஜெர்மன் கத்தி

அப்பா யாரோடு பேச உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் இடுப்பிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்துவிடுவார். "ஜெர்மனி கத்தி இது. மொதலாளி வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்து என் கையில குடுத்தது" என்பார். உப்பளத்தில் வேலை பார்த்த காலத்துப் பெருமை. அதோடு நிறுத்தினால் தேவலை. அடுத்து, அவருடைய தம்பி அதைத் திருடின கதை ஆரம்பிக்கும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தக் கத்தி காணாமல் போனது. கூட வேலை செய்த சித்தப்பாதான் எடுத்தார் என்று அப்பா ஊரைக் கூட்டிவிட்டார். மழைக்காலம் முடிந்து, உப்புப் பாத்திக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலில் கத்தி கிடைத்தது. உப்புத் தண்ணீரில் ஊறி, அடையாளமே தெரியாமல் துருப்பிடித்திருந்தது. "பயந்துபோய்ப் போட்டுட்டான் பாரு" என்றார் அப்பா. சித்தப்பா ஒரு வார்த்தை பேசாமல் குடும்பத்தோடு கூனிமேட்டுக்குப் போய்விட்டார். என் கல்யாணத்துக்குக்கூட அவரைக் கூப்பிட அப்பா விடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாதம் கத்தி இறுகிப்போய்த் திறக்க மறுத்தது. நான் வேலை பார்க்கும் ஆரோவில்லில் ஒரு பட்டறைக்காரரிடம் கொடுத்தேன்.

"எந்த கம்பெனின்னும் பாருங்க. ஜெர்மனி கத்தின்னு எங்கப்பா அலட்டல் தாங்கல."

அவர் துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டுத் துடைத்தார். அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில் எழுத்துத் தெரிந்தது.

"ஜெர்மனின்னு யாருங்க சொன்னது? இந்தியில இருக்குது. ராம்பூர்னு ஊர் பேரு, கீழ செஞ்சவரு பேரு. வடநாட்டுக் கத்திங்க இது."

முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் கத்தியில் இருந்தது இங்கிலீஷ் எழுத்து. ஏபிசிடி படித்த புதிதில் அதைத்தான் எழுத்துக் கூட்டிப் பார்ப்பேன். அப்படியானால் வாய்க்காலில் கிடைத்தது எங்கள் கத்தியே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா கத்தியைப் பிடுங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்போ இது யாருதுடி?"

அவருக்குத் தெரியாமல் சித்தப்பாவின் நம்பரை நான் வைத்திருந்தேன். அப்பா எதிரிலேயே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டேன்.

"அதுவா? நான் வாங்கிப் போட்டதும்மா" என்றார் சித்தப்பா. "கத்தி போனதுலேர்ந்து அண்ணன் சரியா சோறுகூட துன்னல. பாண்டி சண்டே மார்க்கெட்ல அதே மாரி ஒண்ணு இருந்துது. கெடைச்சா மனசு ஆறிடுவாருன்னு வாய்க்கால்ல போட்டேன். அது கெடைக்கறதுக்குள்ள என்னையே திருடன்னுட்டாரு. அப்புறம் சொன்னா யாரு நம்புவா?"

அப்பா வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"ஆமா, அண்ணனோட கத்தி அப்புறம் கெடைச்சுதா?" என்று கேட்டார் சித்தப்பா. "அண்ணன் பக்கத்துல இருக்காரா?"

இல்லையென்று சொல்லச் சொல்லி அப்பா பதறிக் கையை ஆட்டினார்.

"இருக்காரு சித்தப்பா, பேசுங்க" என்று போனை அப்பாவின் மடியில் வைத்தேன்.