பிள்ளைச் செலவு கொடுத்த நல்ல மனிதர்

கோபம் வந்தால் எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை – இது உங்களுக்குத் தெரியும். ஆனால், போன மாதம் ஹட்டன் கோர்ட் வராந்தாவில் வாயடைத்து நின்றேன்.

செல்லம்மா நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். அவளுடைய மூத்த மகள் ராணி என் வகுப்பில் படிக்கிறாள். புருஷன் முத்துவேலு அதே தோட்டத்தின் மேல் டிவிஷனில் இன்னொருத்தியோடு குடியேறி ஒன்றரை வருஷம் ஆகிறது. இரண்டு பிள்ளைகளும் செல்லம்மாவோடுதான். ராணியைக் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பச் சொல்லி ஒரு தரகர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

"என்ன செய்யிறது டீச்சரம்மா? ஒரு வயிறாவது கொறையும்ல..." என்றாள் செல்லம்மா.

பத்து வயதுப் பிள்ளை! அப்பன் கை கால் திடமாக, சம்பளமும் வாங்கிக்கொண்டு இருக்கும்போது, இவள் ஏன் யார் வீட்டிலோ பாத்திரம் கழுவ வேண்டும்? கேஸ் போடு என்றேன்.

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர், பேசி முடிக்கலாம் என்றார். பேசினார்கள், முடியவில்லை. கோர்ட் வாசலில் பெட்டிசம் எழுதுகிறவரோ, "கல்யாணம் பதியலையா? அப்ப கேஸே இல்ல" என்று சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்கும் காசு வாங்கிக்கொண்டார். கோயிலில் தாலி கட்டுவதோடு சரி... தோட்டத்தில் எத்தனை பேர் பதிகிறார்கள்?

நான் விடவில்லை. இன்னொருவரைப் பிடித்து மனுவை எழுதிப் போட்டோம். கோர்ட்டில் வாதாடப் புரொக்டர் எதற்கு, வீண் செலவு என்று முடிவு செய்த மேதாவியும் நான்தான்.

கேஸைக் கூப்பிட்டார்கள். முத்துவேலு வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக வந்து நின்றான். "எம் பிள்ளைங்களுக்கு மாசா மாசம் குடுத்துக்கிட்டுதாங்க இருக்கேன். அவளையே கேளுங்க."

நீதவான் கேட்டார். செல்லம்மா தலையை ஆட்டினாள். "ஆமாங்க. குடுக்குறாருங்க."

தள்ளுபடி! இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைய வேலையும் போய், பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

செல்லம்மாவை வராந்தாவுக்கு இழுத்து வந்தேன். "குடுக்கிறான்னா அப்புறம் எதுக்கும்மா இங்க வந்தோம்?"

"கேட்டாங்களே டீச்சரம்மா... பொய் சொல்லலாமா? சம்பள நாளைக்குப் பத்து ரூவா குடுக்கத்தான் செய்றாரு."

"சரி, ஒஞ் சம்பளம் எங்க போகுது?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அதுலருந்துதானே குடுக்குறாரு! எஞ் சம்பளத்தையும் அவருதானே வாங்குறாரு."

இங்கேதான் எனக்கு வாயடைத்தது. தோட்டத்தில் சம்பள மேசைக்கு முன்னால் பெண்டாட்டிக்கும் சேர்த்து ஆம்பிளைதான் நிற்பது வழக்கம். வீட்டை விட்டுப் போன மகாராசன், அந்த வழக்கத்தை மட்டும் விடவில்லை. ஆபீஸிலும் யாரும் கேட்கவில்லை – புருஷன்தானே! பிள்ளைக்குச் செலவு கேட்டால் பதியாத கல்யாணம். அவள் சம்பளத்தை வாங்கப் போனால் மட்டும் அசல் புருஷன். இது எந்த ஊர் நியாயம்?

பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர்தான் நல்ல புரொக்டர் ஒருவரிடம் அனுப்பிவைத்தார். சம்பளக் கதை வரைக்கும் கேட்டுவிட்டு புரொக்டர் சிரித்தார். "கல்யாணம் பதியாட்டி என்னம்மா? பிறப்புச் சான்றிதழ்ல அப்பன் பேர் இருக்கு. எம் பிள்ளைங்கன்னு கோர்ட்லயும் அவனே சொல்லியிருக்கான். பிள்ளைச் செலவுக்குத் தாபரிப்புக் கேக்க அது போதும்."

இந்தச் செவ்வாய்க்கிழமை, புது மனு. புரொக்டர் முத்துவேலுவிடம் கேட்டது ஒரே கேள்வி – யாருடைய சம்பளத்திலிருந்து கொடுத்தாய்?

அவன் கொஞ்சமும் அசரவில்லை. "அவ சம்பளத்துலருந்துதாங்க. பொண்டாட்டி சம்பளத்த புருசன் வாங்காம ஊரானா வாங்குவான்?"

மொழிபெயர்ப்பாளர் இதை இங்கிலீஷில் சொல்லி முடித்ததும், நீதவான் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு தீர்ப்பு: இரண்டு பிள்ளைகளுக்கும் செலவுப் பணத்தை மாதா மாதம், அவனுடைய சொந்தச் சம்பளத்திலிருந்து, கோர்ட்டிலேயே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மறியல் – சிறைதான்.

ராணி கொழும்புக்குப் போகவில்லை. தரகருக்கும் சொல்லியாகிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

சகோதரிகளே, வக்கீலிடம் போனால் கேட்டதை மட்டும் சொல்லாதீர்கள். கேட்காததையும் சொல்லுங்கள். உங்களுக்குச் சாதாரணமாகத் தெரிகிற விஷயத்தில்தான் கேஸே இருக்கும்.

பஸ் ஸ்டாண்டில் செல்லம்மாவுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். "இனிமே மேசைக்கு முன்னால நீயே போய் நில்லு. ஒஞ் சம்பளம் ஒங் கையிலதான் இருக்கணும். வெளங்குதா?"

"வெளங்குதுங்க" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "ஒங்க சம்பளம் ஒங்க கையிலதான் இருக்கா, டீச்சரம்மா?"

சம்பளக் கவரைப் பிரிக்காமல் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, பஸ் காசுக்கு அவரிடமே கை நீட்டுகிறவள் நான்.

நல்ல வேளை... நோர்வூட் பஸ் வந்துவிட்டது.