அம்மா திருப்பச் சொன்னது

பக்கவாதம் வந்த பிறகு அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது. வலது பக்கம் அசையாது. மிச்சமிருந்தது இடது கை, அதிலும் ஒரே ஒரு சைகை. தோசையைத் திருப்பிப் போடுவதுபோல உள்ளங்கையைப் புரட்டுவாள். எதையோ திருப்பச் சொல்கிறாள். எதை என்றுதான் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை.

ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். தலையணையைப் புரட்டிப் போட்டோம். காட்டுமன்னார்கோயிலிலிருந்து பார்க்க வந்த மாமா, அம்மாவின் தம்பி, வந்ததும் வராததுமாக, "மாதா படம் அந்தாண்ட பாத்துக்கிட்டு இருக்குது பாரு, அதத்தான் அக்கா சொல்லுது" என்று ஆணியைப் பிடுங்கி எதிர்ச் சுவரில் அடித்தார். கை மறுபடி புரண்டது. "அப்ப ஃபேனாத்தான் இருக்கும்" என்றார். எனக்கு வந்த எரிச்சலில் சுத்தியலை வாங்கி ஒளித்து வைத்துவிட்டேன்.

நான் அப்போது கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் சிதம்பரத்தில் அறிவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு விடுமுறை நாள் மத்தியானம், கரண்ட் இல்லை. கட்டிலோரமாக நாற்காலியைப் போட்டு, லேப்டாப்பில் பாடத்துக்கான படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, வெகு தொலைவிலுள்ள சுருள் விண்மீன் மண்டலம். நமக்கு அதன் விளிம்பு மட்டுமே தெரிகிறது. சுருளையே காணோம். நடுவில் கொஞ்சம் புடைத்த ஒரு வெளிச்சக் கோடு, அதன் நெடுகிலும் கறுப்பாகத் தூசி, அவ்வளவுதான்.

அம்மாவின் கை புரண்டது.

முதல் தடவையாக எனக்குப் புரிந்துவிட்டது. சந்தோஷத்தில் கத்தியே விட்டேன். "முன்பக்கம் பாக்கணுமாம்மா?"

கை மறுபடி புரண்டது.

"அது முடியாதும்மா. அது அப்படித்தான் கெடக்குது. அங்கேருந்து வெளிச்சம் வரவே கோடிக்கணக்கான வருஷம் ஆவுது. சுத்திப் போயி பாக்க யாரால முடியும்?"

விட்டால்தானே. புரட்டிக்கொண்டே இருந்தாள். இத்தனை நாள் கழித்து ஒன்று புரிந்தது, அதுவும் உலகத்தில் யாராலும் திருப்ப முடியாததாகப் போய்விட்டதே என்று மனசு விட்டுப்போனது. சுருள் முழுசாகத் தெரியும் இன்னொரு மண்டலத்தை எடுத்து, "இது வேறம்மா, ஆனா அதுவும் இப்படித்தான் இருக்கும்" என்று காட்டினேன்.

அவள் அதைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. நான் உட்கார்ந்திருந்த கோணத்தில் அவளுக்குத் தெரிந்தது என் காதும் ஒரு கன்னமும்தான். லேப்டாப்பை மூடி, நாற்காலியைத் திருப்பி, முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன்.

"இதுவாம்மா?"

அம்மா வெகுநேரம் பார்த்தாள். கோணிய வாய் சிரிப்பதுபோல இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் பிடிக்குள்ளேயே அந்தக் கை மெல்லப் புரண்டது.